ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்: கல்லூரி மாணவர்களுக்கு எந்த உதவியில் போடலாம்?

கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் முன்னாள் மாணவர் சங்கங்களிலும் சிறு அறக்கட்டளைகளிலும் ஒரே விவாதம் நடக்கிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. படித்த கல்லூரிக்கே செய்ய வேண்டும். நுழைவாயில் வளைவும் கலையரங்கமும் வேண்டாம், பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்பட வேண்டும். இதுவரை எல்லோருக்கும் உடன்பாடுதான். அதற்குப் பிறகு ஆளுக்கொரு திசை. ஒருவர் மாதாமாதம் உதவித்தொகை என்கிறார். ஒருவர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்கிறார். வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர் டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு என்கிறார். மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறார். தாம் எந்த ஏணியில் ஏறி வந்தோமோ அதையே கொண்டுபோய்ச் சாத்திவிட நினைப்பதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் முடிவெடுக்க அது போதாது.

இந்த ஒப்பீடு அப்படிப்பட்ட ஒரு குழுவுக்காக எழுதப்படுகிறது. கணக்குக்கு வசதியாக ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு உறுதி என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி ஒரு மாவட்டத் தலைநகரிலோ பெரிய தாலுகா ஊரிலோ இருக்கும் அரசு அல்லது அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். பொறியியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. அங்கே கட்டணம்தான் பெரிய சுமை. இங்கே கட்டணம் குறைவு, மற்றதெல்லாம் சுமை.

அரசு ஏற்கெனவே என்ன தருகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கப்படும் தனியார் திட்டங்களில் பாதி, இருப்பதையே இன்னொரு பெயரில் கொடுப்பவையாக முடிகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவியாக இருந்ததை உயர்கல்வி உதவியாக மாற்றி அமைத்த திட்டம் இது. மாணவர்களுக்கு அதே தொகை 'தமிழ்ப் புதல்வன்' என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. திறன் பயிற்சிக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

ஆக, பணமும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. பிறகும் பிள்ளைகள் ஏன் மூன்றாம் ஆண்டுக்குள் நின்றுபோகிறார்கள், அல்லது ஆறு அரியரோடு வெளியே வந்து ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள்? வாய்ப்புகளை இந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டுப் பார்க்கிறேன்.

மாதாந்திர உதவித்தொகை

10 லட்சத்தை மாதம் 1,000 வீதம் பத்து மாதங்களுக்குப் பிரித்தால் 100 மாணவர்களுக்குக் கொடுக்கலாம். கணக்கு எளிது, தணிக்கை எளிது, விழா எடுப்பதும் எளிது.

பணம் கொடுத்தால் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2008 முதல் ஒரு தனியார் அறக்கட்டளை அரசுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 3,500 டாலர் கொடுத்தது. தகுதியுள்ளவர்கள் அதிகம் இருந்ததால் குலுக்கல் முறையில் தேர்வு நடந்தது. ஆய்வாளர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. நான்கு ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் கிடைக்காதவர்களில் 16 சதவீதம், கிடைத்தவர்களில் 21 சதவீதம். கிடைத்தவர்கள் இரவு வேலைக்குப் போவதும் குறைந்தது. நம் ஊரிலும் இதற்கு இணையான காட்சி உண்டு. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய் விடிய விடியப் பரிமாறிவிட்டு வருகிற பையன் மறுநாள் முதல் வகுப்பில் இருக்க மாட்டான். முகூர்த்த மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும்.

ஆனால் 3,500 டாலர் அங்கே பெரிய தொகை. இங்கே நாம் கொடுக்கப்போவது, அரசு ஏற்கெனவே கொடுக்கும் ஆயிரத்தின் மேல் இன்னோர் ஆயிரம். அது ஒரு பையனைக் கேட்டரிங் வேலையிலிருந்து மீட்டுவிடுமா? ஒரு முகூர்த்த நாள் கூலியிலேயே அதில் பெரும் பகுதி வந்துவிடும். உதவித்தொகையில் எனக்கு நியாயமாகப் படும் ஒரே இடம் விடுபட்டவர்கள். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மட்டும் ஊரில் இருந்த சிறு மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு, கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு விதிப்படி எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். அவர்களைத் தேடிக் கொடுப்பதென்றால் சரி. நூறு பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுப்பது வேண்டாம்.

அவசர உதவி

தொகை சிறியது, வேகம் முக்கியம். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அட்லாண்டாவில் இருக்கிறது. அதில் படிக்கிறவர்களில் பெரும் பகுதியினர் ஏழைகள். ஒவ்வொரு பருவத்திலும் கட்டண பாக்கிக்காக ஏராளமானோரின் பெயர் நீக்கப்படுவதை அது கவனித்தது. பாக்கி பல நேரங்களில் சில நூறு டாலர்தான். 2011-ல் அந்த இடைவெளியை மட்டும் நிரப்பும் சிறு மானியத்தைத் தொடங்கினார்கள். சராசரித் தொகை ஏறத்தாழ 900 டாலர். மாணவர் விண்ணப்பிக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகமே கணக்கைப் பார்த்து, பட்டத்துக்கு அருகில் இருந்தும் பணத்தால் மட்டும் நிற்கிறவர் யார் என்று தேடிக் கொடுத்தது. எனக்கு இதில் பிடித்த பகுதி அந்த 'விண்ணப்பிக்கத் தேவையில்லை' என்பதுதான். வறுமையை நிரூபிக்க வரிசையில் நிற்கச் சொல்வது நம் உதவித் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நோய்.

நம் கல்லூரிகளில் இந்தச் சிறு பாக்கிகளின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேர்வுக் கட்டணம், அரியர் தாள்களுக்குத் தனிக் கட்டணம், வருகை குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம், விடுதி மெஸ் பாக்கி, வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடந்த மாதம் அறை வாடகை. தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாளுக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. ஒரு பருவம் முழுதும் அரியராக மாறும். இரண்டாயிரம் ரூபாய் இல்லாததால் ஓர் ஆண்டு போகும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய இழப்பைத் தடுக்கும் செலவு வேறில்லை. இரண்டரை லட்சம் ஒதுக்கினால், ஒருவருக்குச் சராசரி 2,500 என்று வைத்தாலும், ஆண்டுக்கு நூறு பேரைத் தாங்கலாம்.

இடைஞ்சல் ஒன்றுதான்: யாருக்குத் தேவை என்று யார் கண்டுபிடிப்பது? ஜார்ஜியாவில் கணினி சொன்னது. இங்கே, கேட்கத் தெரிந்தவர் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போவார். கூச்சப்படுகிறவர் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிடுவார். துறைத் தலைவருக்கு விஷயம் எட்டும்போது இடம் காலியாகி இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

திறன் பயிற்சி

நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பயிற்சி நிறுவனம் வரும், தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லும், நாற்பது மணி நேரம் நடத்தும், முடிவில் சான்றிதழ் தரும். மேடையில் எல்லோரும் கையில் சான்றிதழோடு நிற்கும் படம் ஆண்டறிக்கைக்கு அழகாக இருக்கும்.

இதில் நம் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் பயிற்சி வீண் என்பதல்ல. நான் முதல்வன் திட்டத்தில் இதே வகைப் படிப்புகள் பாடத்திட்டத்தோடு சேர்த்து, மாணவரிடம் கட்டணம் வாங்காமல் நடக்கின்றன. தரம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது என்ற குறை உண்மை. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க இன்னொரு பயிற்சியைப் பக்கத்தில் வைப்பது, தேறாத வகுப்புக்குப் பதில் இரண்டு தேறாத வகுப்புகளைத் தரும். கல்லூரியில் இணையம் வேகமாக இல்லை, ஆய்வகத்தில் பாதிக் கணினிகள் ஓடவில்லை என்றால், அதைச் சரி செய்யப் பணம் கொடுத்தால் நடக்கிற பயிற்சியே உருப்படும்.

இன்னொன்றும் உண்டு. கனடாவின் ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களைப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு மூத்த மாணவர் ஆலோசனையும் பாட உதவியும் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மதிப்பெண்ணுக்கேற்ற பணப் பரிசு. ஒரு பிரிவுக்கு இரண்டும். 2009-ல் வெளியான முடிவின்படி, உதவி வகுப்பை மட்டும் திறந்து வைத்தபோது பெரும்பாலோர் வரவே இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைத்த மாணவிகளிடம் முன்னேற்றம் இருந்தது. மாணவர்களிடம் எதனாலும் மாற்றம் இல்லை. விருப்பமிருந்தால் வரலாம் என்று பலகை வைத்துவிட்டுக் காத்திருக்கும் திட்டங்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே கதிதான்: ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள்.

போட்டித் தேர்வு வகுப்பு

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 2024-ல் குரூப் 4 அறிவிப்பு 6,244 இடங்களுக்கு வந்தது. எண்ணிக்கை பின்னர் உயர்ந்தது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். குடிமைப் பணித் தேர்வுக்கு நான் முதல்வன் திட்டமே ஆண்டுதோறும் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குத் தருகிறது. முதல்நிலையில் தேறினால் மேலும் 25,000 உண்டு. நம் கல்லூரி மாணவரை அந்த ஆயிரத்துக்குள் நுழையும் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைத்தாலே போதும். நூலகத்தை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க ஒரு காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது, வெளியூர் ஆசிரியரை ஞாயிறுதோறும் வரவழைப்பதைவிட அதிகம் பயன் தரும் என்று நினைக்கிறேன். வீட்டில் படிக்க ஓர் அறை இல்லாதவர்கள்தான் இந்தத் தேர்வுகளை நம்பியிருக்கிறார்கள்.

தொழிற்பழகுநர் பயிற்சிக்கு முன்பணம்

வேலைக்குப் போகும் வழிகளில் யாரும் கவனிக்காத வழி இது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-ல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் சேர்க்கப்பட்டார்கள். நீண்ட காலம் அது பொறியியல் பட்டதாரிகளின் விஷயமாகவே இருந்தது. 2021 நவம்பரில் மத்திய அமைச்சரவை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 3,054 கோடி ரூபாய் ஒதுக்கியபோது கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் அதை விரித்தது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஓராண்டு முடிந்தால் அனுபவச் சான்றிதழ். பி.ஏ. வரலாறு முடித்த பெண்ணின் தற்குறிப்பில் ஓர் அலுவலகத்தின் பெயர் முதன்முதலாக ஏறுகிறது.

ஆனாலும் ஏன் போகவில்லை? திருப்பத்தூரிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டுமென்றால் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும், முதல் மாதம் சாப்பிட வேண்டும், நல்ல செருப்பும் இரண்டு சட்டையும் வாங்க வேண்டும். உதவித்தொகை மாதம் முடிந்துதான் வரும், சில இடங்களில் அதற்கும் தாமதம். வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். ஒன்பதாயிரத்துக்காகக் கடனா என்று அப்பா கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இந்த இடத்தில் 15,000 ரூபாய் முன்பணம் ஒரு வாழ்க்கையின் திசையை மாற்றும். மூன்று லட்சத்தில் ஆண்டுக்கு 20 பேரை அனுப்பலாம். வேலையில் நிலைத்த பிறகு விருப்பப்பட்டால் திருப்பித் தரலாம் என்று வைத்தால் நிதி கொஞ்சம் சுழலும். கட்டாயமாக்க வேண்டாம். வசூலிக்கப் போனால் முன்னாள் மாணவர் சங்கம் கந்துவட்டிக் கடை ஆகிவிடும்.

பெண்களை வெளியூர் அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் நிறைய. விடுதி எங்கே, கூட யார் போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பணம் மட்டும் கொடுத்தால் போக மாட்டார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்பவும், விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்றோரிடம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

ஓர் ஆள்

மேலே சொன்ன எல்லா வழிகளும் கடைசியில் இந்த இடத்தில் வந்து நிற்கின்றன. அவசர உதவி யாருக்கு என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். இருக்கிற உதவித்தொகை வந்து சேரவும் ஆள் வேண்டும்: வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததாலும், பெயரில் முதலெழுத்து மாறியிருப்பதாலும், வருமானச் சான்றிதழ் காலாவதி ஆனதாலும் நின்றுபோகும் தொகைகளைப் பற்றி எந்தக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டாலும் கதைகள் கிடைக்கும். தொழிற்பழகுநர் தளத்தில் பதிவு செய்ய வைக்க, இரண்டாம் ஆண்டிலேயே அரியரை எண்ணிப் பார்த்து எச்சரிக்க, மூன்று நாள் வராதவனுக்குப் போன் செய்ய ஆள் வேண்டும். இப்போது இவற்றை எல்லாம் செய்ய வேண்டியவர் யார்? தாள் கணக்கில் டியூட்டர் என்று ஓர் ஆசிரியர். அவருக்கு வகுப்பு இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான கோப்புகள் இருக்கின்றன. பல துறைகளில் அவர் கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஆண்டு அவரே இருப்பாரா என்பது நிச்சயமில்லை.

இந்த வழிக்குத்தான் மிக வலுவான சான்று இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல், இரண்டாண்டுப் பட்டம் தரும் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் பணம் நகர நிர்வாகத்தின் வறுமை ஒழிப்பு நிதியிலிருந்து வந்தது. மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் மற்ற உதவிகள் போக விடுபடும் பகுதி, பாடநூல், மெட்ரோ பயண அட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கென ஓர் ஆலோசகர். அவரை அடிக்கடி கட்டாயமாகச் சந்திக்க வேண்டும். சந்தித்தால்தான் பயண அட்டை. வழக்கமான ஆலோசகரின் பொறுப்பில் அங்கே 600 முதல் 1,500 மாணவர்கள் இருந்தார்கள்; ஏசாப் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 பேர். பள்ளிப் பாடமே தடுமாறிய 896 மாணவர்களைக் குலுக்கலில் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் சாதாரணப் பிரிவில் 22 சதவீதம், ஏசாப் பிரிவில் 40. செலவு மாணவருக்கு 16,000 டாலருக்கு மேல் கூடியது. ஆனால் முடித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தே இருந்தது. வேறு மாநிலத்தில் வேலை செய்யுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு ஒஹையோவின் மூன்று கல்லூரிகள் பதில் சொல்லின. அங்கும் பட்டம் முடித்தவர் விகிதம் 19-லிருந்து 35 ஆயிற்று.

ஏசாப்பில் பணமும் இருந்தது, பாடநூலும் இருந்தது, எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது என்று யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆளை மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனையும் உண்டு. அமெரிக்காவின் எட்டுக் கல்லூரிகளில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு நிறுவனத்தின் வழிகாட்டிகள் மாணவர்களுக்குத் தொடர்ந்து போன் செய்து பேசினார்கள். பணம் இல்லை, புத்தகம் இல்லை. ஓராண்டுக்குப் பின் கல்லூரியில் நீடித்தவர்கள் ஐந்து சதவீதப் புள்ளிகள் அதிகம். வித்தியாசம் சிறிதுதான், போனில் மட்டுமே நடந்தது என்பதை நினைத்தால் சிறிதல்ல.

எதிர்ச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். 2015-ல் அமெரிக்கக் கல்வித் துறை 11 பல்கலைக்கழகங்களின் கூட்டுக்கு 89 லட்சம் டாலர் மானியம் தந்தது. தரவுகளின் துணையோடு நெருக்கமான ஆலோசனை தருவதுதான் திட்டம், பத்தாயிரம் மாணவர்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் தெரிந்தது. அங்கே ஆலோசகர் சொன்னதைச் செய்து முடிக்கும் அதிகாரமும் அவசர நிதியும் தரவும் ஏற்கெனவே ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பது என் ஊகம். மற்ற இடங்களில் ஆலோசகர் இன்னொரு நாற்காலியாக மட்டும் இருந்திருக்கலாம். நம் குழு கவனிக்க வேண்டிய அபாயமும் இதுதான். கையில் பணமும் தகவலும் இல்லாமல் ஓர் ஆளை நியமித்தால் ஒரே மாதத்தில் அலுவலகம் அவரை நாக் கோப்பு தட்டச்சு செய்ய வைத்துவிடும்.

எப்படிப் பிரிப்பது

என் கணக்கு இது. மாதம் 35,000 சம்பளத்தில் ஒரு மாணவர் நல அலுவலர்: ஆண்டுக்கு 4.2 லட்சம். அவர் பொறுப்பில் 150 மாணவர்களுக்கு மேல் கூடாது. தலைக்கு 2,800 ரூபாய் ஆகிறது. கல்லூரி முழுதும் என்று ஆசைப்பட்டால் திட்டம் முதல் பருவத்திலேயே செத்துப்போகும். இரண்டு மூன்று துறைகளின் முதலாம் ஆண்டு மாணவர்களை எடுத்துக்கொண்டு அவர்களோடு மூன்று ஆண்டும் நடக்க வேண்டும். அவசர நிதி 2.5 லட்சம், 3,000 ரூபாய்க்குள் என்றால் யாரையும் கேட்காமல் அன்றே கொடுக்கும் அதிகாரம் அந்த அலுவலருக்கு வேண்டும், மாதக் கடைசியில் கணக்கு காட்டினால் போதும். தொழிற்பழகுநர் முன்பணம் 3 லட்சம். இந்த 150 பேர் மூன்றாம் ஆண்டு முடிக்கும் வரை அதைக் கல்லூரியில் இறுதியாண்டு முடிக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். மீதி முப்பதாயிரம் போக்குவரத்துக்கும் தணிக்கைக்கும்.

சம்பளத்துக்கா நன்கொடை கொடுத்தோம் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கப் போகும்போது அங்கிருப்பவரும் கேட்பார். அவருக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட விதிகள் நிர்வாகச் செலவை ஐந்து சதவீதத்துக்குள் கட்டுகின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்துவதற்கு நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது. தொடக்க ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை தொடரும் திட்டம் என்று அறிவிக்கவும் விதி இடம் தருகிறது. நன்கொடையாளருக்குப் படம்தான் வேண்டுமென்றால், ஹால் டிக்கெட்டோடு நிற்கும் மாணவரைப் படம் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

மூன்று ஆண்டுக்குப் பிறகு என்ன என்பது அதைவிடக் கடினமான கேள்வி. மானியத்தில் நடப்பவை மானியத்தோடு நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் பின்தங்கிய மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்சிக்கும் அரசுப் பணித் தேர்வு வகுப்புக்கும் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்தது. பன்னிரண்டாவது திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது, அதற்குப் பின் திட்டக் காலம் என்ற ஏற்பாடே இல்லை. அமெரிக்காவில் 1960-களிலிருந்து முதல் தலைமுறை மாணவர்களுக்கு ஆலோசனையும் பாட உதவியும் தரும் ட்ரியோ திட்டங்களையே முழுதாக நீக்கிவிட வேண்டும் என்று 2025-ல் அதிபரின் பட்ஜெட் முன்மொழிந்தது. அறுபது ஆண்டுத் திட்டத்துக்கே அந்த நிலை. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே ஒரு தாளை மட்டும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்: அந்த 150 பேரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டுக்கு வந்தார்கள், எத்தனை அரியர், எத்தனை பேருக்கு நின்றுபோன அரசு உதவித்தொகை மீண்டும் வந்தது, அது எத்தனை ரூபாய். பக்கத்துத் துறைகளின் எண்ணையும் அதே தாளில் எழுத வேண்டும். அலுவலரின் சம்பளத்தைவிட மீட்டு வந்த அரசுப் பணம் அதிகமாக இருந்தால், நான்காம் ஆண்டில் கல்லூரி நிர்வாகத்திடம் பேசுவதற்கு வேறு வாதம் தேவைப்படாது.

கல்லூரியோடு கையெழுத்திடும்போது மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. மாணவர்கள் நுழைந்து பேசும்படி தரைத்தளத்தில் ஓர் அறை. வாரந்தோறும் வருகைப் பதிவேட்டையும் பருவந்தோறும் மதிப்பெண்ணையும் பார்க்கும் அனுமதி. நியமிக்கும் பொறுப்பு நன்கொடைக் குழுவுக்கும் முதல்வருக்கும் சேர்ந்து இருப்பது. கடைசியானதில்தான் இழுபறி வரும். யாருடைய உறவினருக்காவது இந்த வேலை போய்விட்டால் மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. ஊரை அறிந்தவராக, மாணவர்களின் அம்மாவிடம் போனில் தயங்காமல் பேசக்கூடியவராக, முடிந்தால் அதே கல்லூரியில் அரியர் வைத்து மீண்டு வந்தவராக இருந்தால் நல்லது. முதுகலைப் பட்டம் இருக்கிறதா என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன்.

கல்லூரி இந்த மூன்றில் ஒன்றுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஆளைப் போடும் யோசனையைக் கைவிட்டுவிடலாம். அப்போது பணத்தில் பெரும் பகுதியைத் தொழிற்பழகுநர் முன்பணத்துக்குத் திருப்புங்கள். அதைக் கல்லூரி அலுவலகத்தின் உதவி அதிகம் இல்லாமலே சங்கத்தின் உறுப்பினர்கள் நான்கு பேர் நடத்திவிடலாம். அவர்களில் இருவர் சென்னையிலோ ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் இருந்தால், விடுதியைப் பார்த்துவிட்டு வந்து பெற்றோரிடம் சொல்லும் வேலையையும் அவர்களே செய்துவிடுவார்கள்.